பத்திரத்தின் இரண்டு விரல்

இது நடந்த கதை. நான் ஓட்டுகிற ஆம்புலன்ஸின் நான்கு சக்கரத்தின் மேலும் கை வைத்துச் சொல்கிறேன், முழுக்க முழுக்க நடந்தது. என்ன, சக்கரத்தில் காற்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நான் சொல்ல ஆரம்பிக்கும்போது முயலாக இருப்பது முடிக்கும்போது யானையாகி நிற்கும். ஆனால் ஓடினது ஓடினதுதான். எங்கே இழுத்தேன் என்று கேட்டால் நானே ஒத்துக்கொள்வேன். கேட்காவிட்டால் உங்கள் பாடு.

அன்றைக்கு ஆஸ்பத்திரியின் வண்டிக் கொட்டகையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், வாசல் காவல்காரர், வார்டு கூட்டும் அக்கா, புதிதாகச் சேர்ந்த டிரைவர். எங்களைத் தாண்டி ஒல்லியாக ஒரு மனிதர் நடந்து போனார். அவருடைய இடது கையில் இரண்டு விரல் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே போனது. புது டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“யாருங்க அது, தொடையிலயே தபலா வாசிச்சுக்கிட்டுப் போறாரு?”

“அவருதான் பத்திரம். சிரிக்காதீங்க. அந்த ரெண்டு விரலு ஒரு உசிரக் கொண்டுபோகப் பாத்துச்சு,” என்றேன்.

அவர் வாயை மூடினார். நான் வாயைத் திறந்தேன்.

பத்திரம் என்பது அவருடைய பெயரில்லை. எதைக் கொடுத்தாலும் “பத்திரம், பத்திரம்” என்பார், அதனால் ஆஸ்பத்திரியே அப்படிக் கூப்பிடுகிறது. அபூர்வமான ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியலை வைத்திருக்கிற அறையில் டைப் அடிக்கிறவர். பயந்த மனுஷன் என்றால் இந்தப் பூமியில் அவரைப் போல் இன்னொருவரைச் செய்து முடிப்பதற்குள் பயம் தீர்ந்துபோயிருக்கும். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். இழுத்து இழுத்து அந்தக் கதவு சுவரை விட்டு ஒரு சாண் வெளியே வந்துவிட்டது.

“ஒரு சாணா?” என்றார் காவல்காரர்.

“ஒரு விரக்கடை. போதுமா?”

அந்த விரல் கதைக்கு வருகிறேன். வாலிபத்தில் அவர் வேறு ஒரு டைப் அடிக்கிற ஆபீஸில் இருந்தாராம். ஒருநாள் நாற்பது பக்கம் அடித்து முடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நாற்பது பக்கமும் காற்றோடு போயிற்று, அவருடைய வேலையும் அன்றைக்கே போயிற்று. அதிலிருந்து அந்த இடது கை தானாகவே சேவ் பண்ணும். இரண்டு பட்டனை அமுக்கினால் சேவ். நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்குவார். கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் தொடையில் அமுக்குவார். சாப்பிடும்போது மேஜையில் அமுக்குவார். தூங்கும்போது பொண்டாட்டி முதுகில் அமுக்குவதாக அந்த அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறார். சொல்லிவிட்டால் எனக்கு மறக்குமா?

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த ஃபைல் வந்தாலும், டைப் அடிக்கிற அந்தப் புரோகிராமில் திறந்து கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. பார்ப்பார், சேவ் பண்ணுவார், மூடுவார். இதையெல்லாம் செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. நாம் கண் சிமிட்டுவது நமக்குத் தெரிகிறதா?

இப்போது அந்த நாளுக்கு வாருங்கள். காலை எட்டு மணிக்கு ஃபோன். அவர் வீட்டுக்கு நான்தான் வண்டி எடுத்துப் போனேன். பொண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். துணிக்கடையில் அளவு எடுக்கிற அம்மா அவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“என்னங்க, கேஸ மூடினீங்களா?”

“மூணு தடவ பாத்தேன்.”

“நாலாவது தடவ பாக்காம எப்படி வந்தீங்க? போயிப் பாத்துட்டு வாங்க, நான் காத்திருக்கேன்.”

சிரிக்கப் பார்த்தார். பாதியிலேயே வலி வந்து அந்தச் சிரிப்பை மடக்கிவிட்டது. நான் கதவைச் சாத்திவிட்டுச் சைரனைப் போட்டேன்.

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டரம்மா பத்து மணிக்கு வெளியே வந்தார். வயிற்றுக்குள் ஒரு கட்டி முறுக்கிக்கொண்டதாம், ரத்தமும் கசிகிறதாம்.

“மூணு மணிக்குள்ள திறந்தாகணும். ஆனா இவங்க ரத்தம் லட்சத்துல ஒருத்தருக்கு இருக்குற ரத்தம். கையில ரெண்டு பை இல்லாம நான் கத்திய வைக்க முடியாது. வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல, கேட்டாச்சு. இந்த ரத்தம் உள்ளவங்க உங்க லிஸ்ட்ல இருக்காங்கல்ல? ரெண்டு மணிக்குள்ள அவங்க இங்க வந்து உக்காரணும். டெஸ்ட் பண்ணவும் நேரம் வேணும்.”

“இருக்காங்க டாக்டர். நாலு பேரு,” என்றார் பத்திரம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அதுல ஒரு ஆளு இவதான்.”

மிச்சம் மூன்று பேர். யார் அவர்கள்? முந்நூற்றுச் சொச்சம் பெயரை அவர் கையால் டைப் அடித்திருக்கிறார். அதில் எந்த மூன்று பேர் என்று எந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்கும்? பட்டியலைத் திறக்க வேண்டும். திறக்க முடியாது. அதுதான் சங்கதி. நான்கு நாளைக்கு முன்பு அந்த அறையின் பழைய கம்ப்யூட்டர் புகை விட்டுச் செத்துப்போயிருந்தது. பட்டியல் புரோகிராமை எழுதினவர் எப்போதோ காலமாகிவிட்டார். அது பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். புதியதில் போட்டால் கறுப்பாக ஒரு பெட்டி மின்னி மறையும், அவ்வளவுதான்.

“நகல் எடுத்து வெக்கலையா?” என்றார் புது டிரைவர்.

பத்திரமா நகல் எடுக்காதவர்? பென் டிரைவில் பதினொரு நகல் எடுத்திருந்தார். மேஜை டிராயரில் மூன்று, பீரோவில் நான்கு, வீட்டில் இரண்டு, மாமியார் வீட்டில் இரண்டு. பதினொன்றும் பூட்டின பெட்டி. சாவி மட்டும் செத்துப்போயிற்று. காகிதத்தில் அச்செடுத்ததையும் ஜனங்களுடைய ஃபோன் நம்பர் யார் கையிலாவது மாட்டிவிடும் என்று பயந்து பொடிப்பொடியாகக் கிழித்துப் போடுகிறவர் அவர்.

அவருடைய பொண்டாட்டியின் தம்பி தூரத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஃபோன் போட்டு, ஃபோனை என் கையில் பிடிக்கச் சொன்னார். அவருக்கு இரண்டு கையும் கீபோர்டுக்கு வேண்டுமாம்.

“மாமா, பயப்படாதீங்க,” என்றான் மச்சான். “கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு பழைய கம்ப்யூட்டர உண்டாக்கலாம். வர்ச்சுவல் மெஷின்னு பேரு. அதுக்கான புரோகிராம நேத்தே ஃபோன்ல சொல்லி உங்க கம்ப்யூட்டர்ல போட வெச்சேன்ல. பழைய சிஸ்டத்தோட சிடிய அப்படியே ஃபைலா உருவி வெச்சிருப்பாங்க, அதுதான் டிஸ்க் இமேஜ். லிங்க் அனுப்புறேன், டவுன்லோடு பண்ணுங்க. நாப்பது நிமிஷம் ஆகும்.”

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராம். கங்காரு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அந்த அறையில் சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

பத்து இருபதுக்குத் தொடங்கினோம். திரையில் ஒரு நீலக் கோடு நகர்ந்தது. நத்தை பார்த்தால் கேலி பண்ணும், அப்படி ஒரு நகர்வு. நான் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க ஓடி, வீடியோ பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் ஃபோனையும் அணைக்கச் சொன்னேன். ஐந்நூறு பேர் இருப்பார்கள்.

“ஆஸ்பத்திரியிலயே நூறு கட்டில்தான்,” என்றார் காவல்காரர்.

“கட்டிலுக்கு அடியில படுத்திருக்கிற சொந்தக்காரங்கள யாரு எண்ணுறது?”

பதினொரு மணிக்குக் கோடு முடிந்தது. மச்சான் சொன்ன இடத்தில் அந்த இமேஜைச் செருகினோம். கறுப்புத் திரை வந்தது. வெள்ளையில் ஒரு வரி. அதைப் பத்திரம் படித்தார்.

“இந்த டிஸ்க்குலேருந்து தொடங்க முடியலன்னு சொல்லுது.”

மச்சான் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். “ஃபைலு கெட்டிருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை உண்டு மாமா. அறுபத்துநாலு எழுத்து. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மொத்தமும் மாறிடும். சரியான ரேகை அந்த வெப்சைட்லயே போட்டிருக்கு. நான் சொல்ற கமாண்ட அடிச்சு உங்களோடத எடுத்து வாசிங்க.”

வாசித்தார். ஒத்துவரவில்லை. முதல் எழுத்தே வேறு.

“லைன் விட்டு விட்டு வருதுல்ல, வர்ற வழியில கெட்டுருச்சு. அத அழிச்சுட்டு வேற இடத்துலேருந்து எடுக்கலாம்.”

மறுபடியும் நாற்பது நிமிஷம். அந்த நேரத்தில் நான் ஒரு நடை வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். உதடு வெள்ளையாக இருந்தது, சுண்ணாம்புச் சுவர் மாதிரி. இதில் நான் இழுக்கவில்லை.

“டிரைவரண்ணே,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “அவரு என்ன பண்றாரு?”

“லிஸ்ட்டத் திறந்துக்கிட்டிருக்காரும்மா.”

“பயந்துட்டு நிக்கப்போறாரு. எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லுங்க.”

அதற்குள் கை கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துவிட்டது. நான் திரும்பி ஓடினேன். அவர் சொன்னதைப் பத்திரத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டாவது முடிந்தது. ரேகை எடுத்தோம். அவர் வாசிக்க வாசிக்க மச்சான் “ம், ம்” என்றவன் பத்தாவது எழுத்தில் நிறுத்திவிட்டான்.

“மாமா, முதல் தடவ வந்த ரேகைய எழுதி வெச்சீங்களா?”

பத்திரமா எழுதி வைக்காதவர்? மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தார். முதல் தடவை வந்த தப்பும் இரண்டாவது தடவை வந்த தப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

“இது லைன் இல்ல மாமா,” என்றான் மச்சான், சத்தத்தைக் குறைத்து. “வழியில கெடுறது ரெண்டு தடவயும் ஒரே மாதிரி கெடாது. அதுவும் ரெண்டு வேற இடத்துலேருந்து எடுத்தது. வந்து சேந்த பிறகு அங்க யாரோ அந்த ஃபைலத் தொடுறாங்க.”

பூட்டின அறை. இரண்டே பேர். மூன்றாவது ஆள் யார்? நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பீரோவைத் திறந்து பார்த்தேன். பத்திரம் கம்ப்யூட்டரை விட்டு நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பொண்டாட்டிக்குக் கொடுக்க ரத்தம் தேடின மனுஷனுக்கே ரத்தம் ஏற்ற வேண்டியதாகிவிடும் போலிருந்தது.

“உள்ள எவனோ இருக்கான் டிரைவரு,” என்றார். “என் லிஸ்ட்டத் திருட வந்திருக்கான். நான் அவளக் கொன்னுட்டேன்.”

“மாமா, நிதானமாச் சொல்லுங்க,” என்றான் மச்சான். “டவுன்லோடு முடிஞ்சதும் நீங்க என்னென்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணல மாப்ளே. நீ சொன்னத மட்டும்தான்.”

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. எனக்கோ ஒரு சந்தேகம். நான் ஐந்தாவது வகுப்பிலேயே மூன்று வருஷம் குடியிருந்தவன், கம்ப்யூட்டர் விஷயத்தில் வாய் திறக்கலாமா? கேட்டேவிட்டேன்.

“தம்பி, நடுவுல எறும்புக்கூட்டம் மாதிரி எழுத்தெல்லாம் வருமே, அதுக்கப்புறம் அவரு ரெண்டு பட்டன அமுக்கி மூடுவாரே. அது வேலையில சேந்ததுதானே?”

மச்சான் உடனே கேட்டான்.

“மாமா. டிஸ்க் இமேஜ டைப் அடிக்கிறதுல திறந்தீங்களா?”

“சரியா வந்திருக்கான்னு... பாக்கணும்ல.”

“பாத்துட்டு?”

பத்திரம் தன் இடது கையைப் பார்த்தார். அது தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்.

அது எழுத்து ஃபைலே இல்லையாம். டைப் புரோகிராம் அதைத் திறந்தால் தனக்குப் புரியாத இடத்தையெல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுமாம். அதைச் சேவ் வேறு பண்ணினால் முடிந்தது கதை. இரண்டு தடவையும் நல்ல இமேஜ்தான் வந்திருக்கிறது. இரண்டையும் பத்திரமாகக் கெடுத்தவர் அவரே.

மணி பன்னிரண்டு பத்து. இன்னொரு நாற்பது நிமிஷம் வேண்டும். இனி ஒரு தவறு நடந்தால் இரண்டு மணி தாண்டிவிடும்.

“டிரைவரு, என் கையக் கட்டு,” என்றார்.

நான் ஓடிப்போய் வண்டியிலிருந்து பேண்டேஜ் துணி எடுத்து வந்தேன். ஆறு கட்டு. இடது கையை நாற்காலியின் கைப்பிடியோடு சேர்த்து எகிப்து மம்மி மாதிரி சுற்றினேன்.

“ஒரு கட்டுதான்,” என்றார் வார்டு அக்கா. “நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“சரி, ஒரு கட்டு. ஆனா அந்த நாப்பது நிமிஷத்த நான் சுருக்கிச் சொல்ல முடியாதுக்கா.”

கோடு நகர்ந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, கட்டுக்குள் விரல் துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை நிறுத்திவிடுவார். சத்தம் தாண்டிப் போனதும் விடுவார். நானும் அவரோடு சேர்ந்து மூச்சை நிறுத்தி நிறுத்தி, கடைசியில் என் நெஞ்சு எந்தத் தாளத்தில் அடிக்கிறது என்றே தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் கோடு நின்றது.

ஐந்து நிமிஷம் அசையவில்லை. மச்சானின் ஃபோனும் கிடைக்கவில்லை. கீழே ‘தொடர்க’ என்று ஒரு பட்டன் மட்டும் மின்னியது. வலது கை சும்மாதான் இருந்தது. அவர் அதை நீட்டவே இல்லை.

“நான் தொட்டா கெட்டுரும் டிரைவரு. நீ அமுக்கு.”

“நான் அமுக்கி வேற எதாச்சும் ஆயிட்டா? எனக்கு ஹாரன் மட்டும்தான் அமுக்கத் தெரியும்.”

“என் கையி வேண்டாம்.”

நான் அமுக்கினேன். இருபது வருஷம் வண்டி ஓட்டினவன், சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்தவன், அந்த ஒரு பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினேன். கோடு அசைந்தது.

ஒரு மணிக்கு முடிந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர் கழுத்து நரம்பைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மச்சானும் லைனில் வந்துவிட்டான். ஒரு விரலால் நானே கமாண்டை அடித்தேன். ரேகை வந்தது. பத்திரம் வாசித்தார். அறுபத்துநாலு எழுத்து. நாற்பதாவதில் வலது கை விரலைத் திரையில் வைத்துக்கொண்டு மேலே வாசித்தார்.

“ஒத்துப்போச்சு மாமா,” என்றான் மச்சான்.

திரைக்குள் ஒரு சின்னத் திரை திறந்தது. அதற்குள் அந்தப் பழைய நீல நிறம். பதினொரு நகலில் ஒன்றைச் செருகினோம். பட்டியல் விரிந்தது. நான்கு பெயர். ஒன்று வார்டில் கிடக்கிறது. ஒருத்தர் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒரு டீச்சரம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்து, “இதோ ஆட்டோ பிடிக்கிறேன்,” என்றார். நான்காவது, ஊரின் அந்தக் கோடியில் பேக்கரி வைத்திருக்கிறவர். கடையை விட்டு வர வண்டி இல்லை என்றார்.

வண்டி என்னிடம் இருந்தது. நான் ஓட்டின ஓட்டத்தில் சக்கரம் தரையைத் தொட்டது நான்கே தடவை. பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு ஏறினார், அப்படியே வந்து உட்கார்ந்தார். சரியாக ஒன்று ஐம்பது. மூன்று மணிக்கு அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். பத்திரம் கதவுக்கு வெளியே நின்றார், நாற்காலியை விட்டு உருவின கையில் கட்டை அவிழ்க்கவே விடவில்லை. ஆறு மணிக்கு டாக்டரம்மா வந்து, பிழைத்துவிட்டார் என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டினார்.

“இப்ப அந்தம்மா மறுபடியும் துணிக்கடைக்குப் போறாங்க, அவரு மறுபடியும் தொடையில தட்டுறாரு,” என்று முடித்தேன்.

“ஒண்ணு அம்பது இல்ல,” என்றார் காவல்காரர். “கேட்டத் திறந்தவன் நான். நோட்டுல எழுதியிருக்கேன். ரெண்டு அஞ்சு.”

“பதினஞ்சு நிமிஷம் இழுத்தேன், ஒத்துக்கறேன்.”

“ரெண்டு அஞ்சா?” என்றார் வார்டு அக்கா. முகம் மாறிவிட்டது. “அப்ப கெடு தாண்டியாச்சு. நான் அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன், கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா?”

“அதான் பிந்தலையே.”

புது டிரைவர் மெதுவாகக் கேட்டார். “அந்தம்மாவுக்குத் தெரியுமா, இவரு கையாலதான் லேட்டாச்சுன்னு?”

“தெரியாது. நெட்டு ஸ்லோன்னு சொல்லியிருக்காரு.”

“நெட்டு ஸ்லோவா,” என்றார் அக்கா. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இன்னைக்குச் செக்கப்புக்கு வந்திருக்காங்க, ஓபியில உக்காந்திருக்காங்க. நான் போயிச் சொல்லப்போறேன்.”

“உக்காரும்மா,” என்றார் காவல்காரர். “அந்தாளு வேணும்னா பண்ணாரு? அந்தக் கையி அடிச்ச லிஸ்ட்டாலதான் அவங்க பொழச்சாங்க.”

“அதே கையிதான் ரெண்டு மணி நேரம் தின்னுச்சு. உசுரு யாருது? அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போறாங்க? அந்த மனுஷன் பயத்துலயே செத்துருவாரு.”

“பயந்தா என்ன வேணா மறைக்கலாமா? உங்க வீட்டுல நீங்க அப்படித்தானா?”

“என் வீட்ட ஏன் இழுக்குற?”

“இவரு மட்டும் பதினஞ்சு நிமிஷத்த இழுக்கலாமா?” என்று என்னைக் காட்டினார் அக்கா.

“நான் எங்கேக்கா இதுல வந்தேன்?”

“நீதான் எல்லாத்துக்கும் காரணம். கதைய ஆரம்பிச்சது யாரு?”

காவல்காரர் கொட்டகை வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா துடைப்பத்தால் நாற்காலியின் காலைத் தட்டினார். “நகருங்க.” “நகர மாட்டேன்.” புது டிரைவர் நடுவில் போய் நின்று இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஓபி கட்டிடத்திலிருந்து பத்திரமும் அந்த அம்மாவும் எங்களைப் பார்த்து நடந்து வருவதை அப்போது நான் ஒருவன்தான் பார்த்தேன்.